தாயியின் பை

முன் பெஞ்சில் முதல் பை கவிழ்ந்த சத்தத்திலேயே தாயி தன் பையைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினாள். புத்தகங்கள் பொத்தென்று விழுந்தன, பின்னாலேயே டிபன் பாக்ஸ் உருண்டது, ஹெலன் டீச்சர் ஒரு ஸ்கேலை வைத்து எல்லாவற்றையும் கிளறினார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எவனோ ஒருத்தன் கூடப் படிக்கிறவனை வகுப்பில் வைத்தே வெட்டிவிட்டானாம். அதிலிருந்து இங்கேயும் பைச் சோதனை. எந்த நாள், எந்த வகுப்பு என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். "ஒருத்தரும் அசையக் கூடாது. கை ரெண்டும் பெஞ்சு மேல இருக்கணும்" என்றார் டீச்சர். தாயி கைகளைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தாள். அவை அவளுடைய கைகள் மாதிரியே இல்லை. பை காலுக்குக் கீழே கிடக்கிறது. அதில் அறிவியல் புத்தகம், கணக்கு நோட்டு, டிபன் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துண்டுச் சுருள். சுருளுக்குள் கத்தி. வெங்காயம் நறுக்குகிற கத்திதான், மரப்பிடி போட்டது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பையிலிருந்து வெளியே வந்தால் அதை வெங்காயக் கத்தி என்று எவன் சொல்லப் போகிறான்? மாங்காய் நறுக்க என்று சொல்லலாம். இது மாங்காய் காய்க்கிற மாசமா? கைவேலைக்கு என்று சொல்லலாம். பத்தாம் வகுப்புக்கு ஏது கைவேலை. மாமா வீட்டில் இரவல் வாங்கினது, போகிற வழியில் கொடுக்கணும் என்று சொல்லலாம். எந்த மாமா என்பார்கள். எந்தப் பொய்யைச் சொன்னாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறது: வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வா. வீட்டில் இருக்கிற ஆள் அப்பா.

அப்பா சுடலைமுத்து மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை விழா, எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவர் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர்தான் அலறும். புது மைக் வாங்கினால் முதலில் "தாயி, தாயி, ஒன் டூ த்ரீ" என்றுதான் சோதித்துப் பார்ப்பார். பேச்சித்தாய் என்று பெயர் வைத்துவிட்டு அவர் ஒரு நாளும் அதை முழுசாகச் சொன்னதில்லை. தன் பெயர் பனைமரத்து உச்சியிலிருந்து ஊருக்கே கேட்கிறது என்று அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அப்புறம் ஒரு கொடைக்கு ஸ்பீக்கர் கட்ட ஏறினவர் கம்பத்திலிருந்து தலைகுப்புற விழுந்தார். பிழைத்தார். பிழைத்து வந்தவர் வேறு ஆள். அவருக்குச் சத்தம் ஆகாது. தட்டு விழுந்தால் எழுந்து வருவார், குக்கர் விசிலடித்தால் எழுந்து வருவார், தங்கை யாழினி தும்மினால்கூட எழுந்து வருவார். சத்தம் எங்கேயிருந்து வந்ததோ அதை அடித்து நிறுத்துகிற வரைக்கும் ஓய மாட்டார். குக்கரைச் சுவரில் மோதி மோதி அப்பளமாக்கிவிட்டார். குக்கர் போனால் போகிறது. யாழினி இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் எல்லாமே பூனை நடை. தண்ணீரைப் பானையின் சுவரோடு ஒட்டி ஊற்ற வேண்டும். கதவுக் கொண்டியை விரல் கொடுத்து இறக்க வேண்டும். யாழினி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு அழக் கற்றுக்கொண்டுவிட்டாள். அம்மா போனில் கேட்டால், "அப்பா நல்லா இருக்காவம்மா, தூங்குதாவ." தெருவில் யாராவது கேட்டால், "பரவால்ல சித்தப்பா." அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்தால் எதையாவது செய்ய வேண்டியிருக்கும் என்பதால் தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள். நல்ல மனுஷர்கள்தான், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது பெஞ்சில் ஒருவன் பையிலிருந்து சீட்டுக்கட்டு விழுந்தது. டீச்சர் அவன் காதைப் பிடித்துத் திருக, வகுப்பே சிரித்தது. தாயியும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தாள். பிளந்திருந்த இடம் சுரீரென்றது. நேற்று அப்பாவின் முழங்கை பட்டது. பட்டது என்றுதான் அவள் சொல்லிக்கொள்வது. முன்பல் ஒன்று ஆடுகிறது. நாக்கு அதைப் போய்த் தொடாமல் இருக்க மாட்டேன் என்கிறது. தொட்டால் ஆடுகிறது, ஆடினால் ரத்த ருசி. அதோடு பால் வாடை. எங்கேயிருந்து வருகிறது இந்தப் பால் வாடை? பாவாடையிலிருந்துதான், காலையில் பால் கொட்டிவிட்டது. போகட்டும், பால் இப்போது முக்கியமில்லை, கத்திதான் முக்கியம். கத்தியைப் பைக்குள் வைக்கத் தொடங்கியது காய்கறி ஆட்டோ வந்த நாளுக்குப் பிறகு. தக்காளி, வெங்காயம் என்று ஒரே குரல் ஸ்பீக்கரில் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டு தெருவோடு போனது. அப்பா அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டார். சத்தம் தெருவில்தான் போகிறது, அவருக்கு மட்டும் அது வீட்டுக்குள்ளேயிருந்து வந்தது. டிவியைக் குத்தினார். அதற்குள் குரல் இல்லை. மெத்தையைக் குத்தினார். யாழினி அப்போதுதான் அந்த மெத்தையிலிருந்து எழுந்து பின்வாசலுக்கு ஒண்ணுக்குப் போயிருந்தாள். போர்வை இன்னும் அவள் படுத்திருந்த மாதிரியே சுருண்டு கிடந்தது, அந்தப் போர்வையைத்தான் குத்தினார், மறுபடி மறுபடி, மூச்சு வாங்க வாங்க. பஞ்சு பறந்தது. யாழினி வாசலில் வந்து நின்று பார்த்தாள், தன் இடம் குத்துப்படுவதை. அன்றைக்குச் சாயங்காலமே தாயி அரிவாள்மனையைப் பாழ்ங்கிணற்றில் போட்டாள். கத்தியைப் போட முடியாதே, அப்புறம் எதை வைத்து நறுக்குவது. அரிசி டிரம்முக்குள் வைத்தாள், கண்டுபிடித்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள், கண்டுபிடித்தார். மூளை குழம்பினவருக்கு இதில் மட்டும் மூளை எப்படித்தான் வேலை செய்கிறதோ. கடைசியில் பள்ளிக்கூடப் பை. கத்தி, தீப்பெட்டி, அவர் மாத்திரை அட்டைகள், மூன்றையும் துண்டில் சுருட்டித் தினமும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்பா வீட்டில், கத்தி வகுப்பறையில். நடுவில் ஒரு குளம், ஒரு ரைஸ் மில், ஒரு பூட்டு.

பால். மறுபடியும் பால். காலையில் எழுந்ததும் சுருளைக் கட்டிப் பைக்குள் வைத்தாயிற்று. அப்புறம் யாழினியை எழுப்பினால் உடம்பு கொதிக்கிறது. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தால் துப்புகிறாள். "பால் வேணும்க்கா" என்று காதோடு வாய் வைத்துச் சொன்னாள், காய்ச்சலிலும் சத்தத்தை மறக்கவில்லை. கடைக்கு ஓடிப் பால் பாக்கெட் வாங்கி வந்து, காய்ச்சி, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். டம்ளர் யாழினி கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்பா புரண்டார், எழுந்து உட்கார்ந்தார். தாயி பாய்ந்து போய் அவர் பின்னால் மண்டிபோட்டு இரண்டு கைகளாலும் அவர் காதுகளைப் பொத்திக்கொண்டாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அடிப்பார், தலையால் பின்பக்கமாக முட்டுவார், கையைக் கடிப்பார், விடக்கூடாது. காதை விட்டால் போச்சு. காலையில் அவ்வளவு இல்லை, இரண்டு முட்டு, ஒரு கடி, அப்புறம் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கிப்போனார். போட்டால் சாயங்காலம் வரைக்கும் தூங்குவார், சத்தம் இல்லாமல் இருந்தால். யாழினியை அடுப்படியில் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். "அப்பா எந்திரிச்சா உள்கொண்டியப் போட்டுக்க. என்ன ஆனாலும் திறக்காத." யாழினி தலையாட்டினாள். வாசலைப் பூட்டிச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். அப்புறம் ஏன் மனசு பாலிலேயே போய் இடறுகிறது? அடுப்பை அணைத்தாளா? அணைத்தாள். தீப்பெட்டி பையில். மாத்திரை பையில். பாக்கெட், பாத்திரம், டம்ளர். ஏதோ ஒன்று நடுவில் விழுந்து கிடக்கிறது, குனிந்து எடுக்கப் போனால் கைக்கு அகப்பட மாட்டேன் என்கிறது.

டீச்சர் மூன்றாவது பெஞ்சுக்கு வந்துவிட்டார். தோளில் எப்போதும் தொங்குகிற அந்தப் பழுப்பு ஹேண்ட்பேக் இப்போதும் தொங்குகிறது. போர்டில் எழுதும்போதுகூடக் கழற்ற மாட்டார், பசங்கள் அதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஹெலன் டீச்சர் குரல் எடுத்தால் அடுத்த கட்டிடத்தில் இருக்கிற ஆறாம் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் குரலுக்கு மற்ற பிள்ளைகள் பயப்படுவார்கள், தாயி பயப்படுவது வேறு மாதிரி: இந்தக் குரலை அப்பா கேட்டால் என்ன செய்வார் என்று. கண்கொத்திப் பாம்பு மாதிரி எல்லாவற்றையும் பார்க்கிறவர்தான் டீச்சர், ஆனால் பார்த்ததையெல்லாம் தப்பாகவே புரிந்துகொண்டார். வகுப்பில் தூங்கி விழுந்தாள். "ராத்திரியெல்லாம் போன் நோண்டுதியோ?" தாமதமாக வந்தாள். "எவன் பின்னால சுத்திட்டு வார?" கையில் பல் தடம் பார்த்தார். "இது என்னட்டி?" "நாய் கடிச்சிட்டு டீச்சர்." "உங்க ஊர் நாய்க்கு மனுசப் பல்லா?" வகுப்பு சிரித்தது. அந்தக் கேள்வியோடு விட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தாயி அழுதிருப்பாள், அழுதிருந்தால் எல்லாம் வந்திருக்கும். போன தடவை லீவு போட்டுவிட்டு வந்தபோது முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் லீவு போட்டேன்னா, உங்கப்பா வந்தாத்தான் நீ கிளாஸ்ல உக்கார முடியும்." அதனால்தான் கொதிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள். அப்பா இங்கே வருவதா? மணி அடிக்கிற இடத்துக்கா? டீச்சர் ஒரு அதட்டுப் போட்டால் போதும், அந்த ஹேண்ட்பேக்கின் வாரையே டீச்சர் கழுத்தில் சுற்றி இழுத்துவிடுவார். தாயிக்கு அது கண்ணில் தெரிந்தது, டீச்சரின் நாக்கு வெளியே தள்ளுவது, பசங்கள் அலறுவது, அலற அலற அப்பா ஒவ்வொருத்தராக. தெரிந்தபோது கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. சே. என்ன நினைப்பு இது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். அப்பாவை எங்காவது கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டுவார்கள். அவளை ஒரு ஹோமில் போடுவார்கள், யாழினியை இன்னொரு ஹோமில் போடுவார்கள். யாழினி அங்கே ராத்திரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதால் ஒருத்தருக்கும் கேட்காது.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங்."

சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. தாயியின் முதுகு விறைத்துவிட்டது. கொம்பையா. அப்பாவிடம் வயர் சுற்றிக்கொண்டிருந்த கொம்பையாதான் இப்போது மைக் செட் முதலாளி. அம்மன் கோயில் கொடை இன்றைக்கு. முந்தாநாளே அவனிடம் போய்க் கெஞ்சியிருந்தாள். "எண்ணே, எங்க வீட்டுப் பக்கம் ஸ்பீக்கர் குழாயைத் திருப்பாதீங்கண்ணே." "உங்கப்பன் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரு பாப்பா, நான் செய்வனா? குளத்தப் பாத்துத்தான் கட்டுவேன். அதுவும் சாயங்காலந்தான்." சாயங்காலம் என்றானே. இது மத்தியானம். குளத்தைப் பார்த்துக் கட்டினால் பள்ளிக்கூடத்துக்கு எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கும்? நாலு பக்கமும் கட்டிவிட்டான். கோயில் கமிட்டிக்காரன் எவனாவது ஒரு அதட்டுப் போட்டிருப்பான், இவன் கட்டியிருப்பான். பாட்டு ஆரம்பித்தது. உடுக்கும் உருமியுமாக அம்மன் பாட்டு, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இங்கேயே அதிர்கிறதென்றால் அங்கே. இப்போது அப்பா புரண்டிருப்பார். இப்போது எழுந்திருப்பார். காதைப் பொத்த ஆள் இல்லை. சுவரில் தலையை முட்டுவார் முதலில், அதுதான் வழக்கம், அப்புறம் சத்தம் எங்கே என்று தேடுவார். யாழி, கொண்டியைப் போடு. யாழி, எழுந்திரு, காய்ச்சல் இருந்தாலும் எழுந்திரு, கொண்டியைப் போடு. போட்டிருப்பாள். அவள் கெட்டிக்காரி. கதவைப் போட்டு உடைத்தால்? பழைய பலகை. உடைத்தாலும் கையில் ஒன்றும் இல்லை அவருக்கு, வெறும் கைதான், வெறும் கையால் அடித்தால் பிள்ளை தாங்கும், தாங்கியிருக்கிறாள். கத்தி இங்கே என் காலுக்கடியில் இருக்கிறது. நல்லவேளை. இப்படி நினைத்ததும் அவளுக்குக் கத்தியின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. பாதத்தால் பையைத் தடவினாள். டீச்சர் கண்டுபிடிக்கட்டும், போலீசுக்கே கொடுக்கட்டும், அப்பா கைக்குப் போகாமல் இருந்தால் சரி.

அவர் கைக்கு மட்டும்தானா? இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமே சரியாகச் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாழினியின் காதோரம் வீங்கியிருந்தது, காலையில் வாங்கின அறை. அப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினார். தொண்டையில் முடிச்சு ஏறி இறங்கியது. தாயி எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றாள். கையில் வெண்டைக்காய்ப் பிசுபிசுப்போடு கத்தி. ஒரே ஒரு இழுப்பு. கோழி அறுக்கிறதைப் பார்த்திருக்கிறாள், கொஞ்ச நேரம் துடிக்கும், அப்புறம் சத்தமே இருக்காது. அதற்கப்புறம் இந்த வீட்டில் தட்டு விழலாம். யாழினி வாய்விட்டுச் சிரிக்கலாம். குக்கர் வாங்கலாம். அப்பா தூக்கத்தில் "தாயி" என்றார், பழைய குரலில், மைக்கைச் சோதிக்கிற குரலில். அவள் கத்தியைக் கீழே போடவில்லை, அழவும் இல்லை. திரும்பிப் போய் மிச்ச வெண்டைக்காயை நறுக்கினாள். அதற்கப்புறம் கத்தியை வெளியே எடுத்துக்கொண்டு போவது அப்பாவுக்குப் பயந்து மட்டும் இல்லை. அப்பாவும் அவளும் கத்தியும் ஒரே கூரைக்கடியில் அதிக நேரம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"பேச்சித்தாய். பைய எடு."

எடுத்தாள். பழுப்பு ஹேண்ட்பேக் முகத்துக்கு நேரே ஆடியது. டீச்சர் ஸ்கேலால் கூடக் கிளறவில்லை, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். புத்தகம், நோட்டு, டிபன் பாக்ஸ் டங்கென்று. கடைசியில் துண்டுச் சுருள். அது மெத்தென்று விழுந்தது. தாயிக்கு அந்த மெத்தென்ற சத்தம் காதில் ஏறவே ஒரு கணம் ஆயிற்று. டங்கென்று அல்லவா விழ வேண்டும். டீச்சர் துண்டின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். தீப்பெட்டி விழுந்தது. மாத்திரை அட்டைகள் விழுந்தன. துண்டு காலியாகத் தொங்கியது.

"தீப்பெட்டி எதுக்குட்டி? பீடி குடிக்கியா?" வகுப்பு சிரித்தது. "இது என்ன மாத்திரை? யாருக்கு?"

"கத்தி எங்க?" என்றாள் தாயி.

சிரிப்பு நின்றது.

"என்ன கத்தி?"

"துண்டுக்குள்ள இருந்திச்சு டீச்சர். கத்தி எங்க?" துண்டைப் பிடுங்கி உதறினாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பால். பால் பாக்கெட். எப்போதும் பல்லால் கடித்துத்தான் மூலையைக் கிழிப்பாள், இன்றைக்குப் பல் ஆடுகிறது, கடிக்க முடியவில்லை. சுருளை அவிழ்த்துக் கத்தியை எடுத்தாள். மூலையை நறுக்கினாள். பால் பாவாடையில் பீச்சியது. கத்தியை அடுப்பு மேடையில் வைத்தாள். டம்ளர் விழுந்தது, அப்பா எழுந்தார், காதைப் பொத்த ஓடினாள். அப்பா தூங்கியதும் துண்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். அடுப்பு மேடை. யாழினி படுத்திருக்கிற பாய்க்கு நேர் மேலே.

தாயி வாய்விட்டு அலறினாள். எத்தனை காலம் கழித்து இவ்வளவு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியாது.

"வீட்டுல இருக்கு டீச்சர்! பல்லு ஆடுது, கடிக்க முடியல, கத்திய வச்சி பாக்கெட்டை வெட்டிட்டு அங்ஙனயே வச்சிட்டேன். பாப்பா இருக்கா, காய்ச்ச. அப்பா இருக்காவ. அப்பாவுக்குச் சத்தம் ஆகாது, சத்தம் கேட்டா அடிப்பாவ, குத்துவாவ, மைக் செட் போட்டுட்டான், வெளிய பூட்டிட்டு வந்துட்டேன், சாவி எங்கிட்ட இருக்கு. அவளால வெளிய ஓட முடியாது டீச்சர்."

ஹெலன் டீச்சர் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். அப்புறம் தாயியின் உதட்டைப் பார்த்தார், கையில் இருந்த பல் தடத்தைப் பார்த்தார். அதையெல்லாம் முன்பே பார்த்தவர்தான். முகம் வெளிறிவிட்டது.

"ஏம்ட்டி எங்கிட்ட முன்னாலயே சொல்லல?"

"அப்பாவக் கூட்டிட்டு வந்தாத்தான் உக்காரலாம்னு சொன்னீங்க டீச்சர்."

ஸ்கேல் கீழே விழுந்தது. டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார், செருப்பு ஒன்று கழன்றதற்கும் நிற்கவில்லை. ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியது. குளம், ரைஸ் மில், ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போகப் பாட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது, நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே உருமி அடித்தது. தாயிக்கு இப்போது எதுவும் நினைக்க வரவில்லை, போர்வை மட்டும் வந்தது, சுருண்டு கிடந்த போர்வை, பஞ்சு. பஞ்சு இல்லாமல் வேறு ஒன்று பறந்தது. இந்த முறை யாழினி ஒண்ணுக்குப் போயிருக்க மாட்டாள். அப்படி ஏதாவது ஆகியிருந்தால் நான் கொன்றுவிடுவேன், அந்தக் கத்தியாலேயே, வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி, காதைப் பொத்தாமல், அவர் கத்துகிறதைக் கேட்டுக்கொண்டே. கோயில் பந்தலுக்கு முன்னால் டீச்சர் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். "எவம்ல அங்க! நிறுத்துல பாட்ட!" ஸ்பீக்கரையும் தாண்டிக் கேட்டது அந்தக் குரல். ஆறாம் வகுப்பு அடங்குகிற மாதிரியே கொம்பையாவின் கை தானாகப் பெட்டிக்குப் போனது. பாட்டு பாதி வரியில் அறுந்தது.

அமைதிதான் அதைவிட மோசமாக இருந்தது. வண்டி வீட்டு வாசலில் போய் நின்றபோது உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. தாயிக்குச் சாவி துவாரத்தில் நுழையவில்லை, டீச்சர் அவள் கையைப் பிடித்து நுழைத்தார். கதவு திறந்தது. அப்பா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாகத் தாடியில் சொட்டியது. சுவரில் அவர் முட்டின இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து சிவப்பாக இருந்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். தாயி அவர் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். விரல் முட்டிகள் தோலுரிந்து கிடந்தன. கத்தி இல்லை.

"நிறுத்திட்டானா தாயி?" என்றார் அப்பா, ஒரு பிள்ளை கேட்கிற மாதிரி.

"நிறுத்திட்டாம்ப்பா." அவரைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். கதவின் கீழ்ப் பலகை உடைந்து ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் ஓரமெல்லாம் ரத்தம். யாருடையது? "யாழி" என்றாள், பழக்கத்தில் மெதுவாகத்தான் வந்தது. பதில் இல்லை. "யாழி, அக்காட்டி." உள்ளே கொண்டி நகர்ந்தது. ஒரு விரல் கொடுத்து, சத்தம் வராமல்.

யாழினி மறுபடி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். சுவர் மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. கவுனில் ரத்தம். தாயி அவள் கழுத்தைத் தடவினாள், வயிற்றைத் தடவினாள், முதுகைத் தடவினாள், எங்கும் ஒன்றும் இல்லை, வலது உள்ளங்கை மட்டும் நெடுக வெட்டுப்பட்டுப் பிளந்திருந்தது. பிள்ளை அழுதுகொண்டுதான் இருந்தாள், இடது கையால் வாயைப் பொத்தியபடி.

"கத்தி எங்கட்டி?"

யாழினி லேசாக எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கத்தி கிடந்தது.

"அப்பா ஓட்டை வழியாக் கைய விட்டு கேட்டாவக்கா. கத்தி எங்க, கத்தி எங்கன்னு." அவள் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதோடு சொன்னாள். "அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய்ட்டான்னு சொல்லிட்டேன். நான் சத்தமே போடலக்கா. கத்திய இழுத்து ஒளிக்கும்போது கை வெட்டிச்சு, அப்பக்கூடப் போடல."

வாசற்படியில் நின்ற ஹெலன் டீச்சர் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல் எங்கே போயிற்றோ, அவரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். "அத எங்கிட்ட குடு கண்ணு." யாழினி கொடுக்கவில்லை. கத்தியை எடுத்து இடது கையால் மரப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தாயியின் தோளைப் பார்த்தாள், அப்புறம் முதுகைப் பார்த்தாள்.

"அக்கா, உன் பை எங்க?"

பை வகுப்பறையில் கவிழ்ந்து கிடந்தது. வெளி அறையில் அப்பா, "தாயி, தாயி" என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காதைப் பொத்தப் போக வேண்டும், நெற்றிக்குத் துணி வைக்க வேண்டும், இந்தக் கையைக் கட்ட வேண்டும், மூன்றுக்கும் சேர்த்து அவளுக்கு இருப்பது இரண்டே கை. அப்போது டீச்சர் மண்டிபோட்டார். வருஷக்கணக்காகத் தோளைவிட்டு இறங்காத அந்தப் பழுப்பு ஹேண்ட்பேக்கைக் கழற்றித் தரையில் வைத்து, அதன் வாயை விரித்துப் பிடித்தார். யாழினி உள்ளே எட்டிப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அப்புறம் கத்தியை அதற்குள் விட்டாள்.

"ஜிப்ப மூடுங்க டீச்சர்" என்றாள் மெதுவாக. "சத்தம் வராம மூடுங்க."